வளவை ஈடு வைத்துப் பட்டம் வேண்டாம் அக்கா

அக்கா, உங்கள் மெசேஜ் பார்த்தேன். மகன் ஏ.எல் தொழினுட்பப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, கெம்பஸுக்கு எடுக்கப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளி காணாது, அதனால் மாமாமார் கொழும்பில் தனியார் பிஸ்னஸ் பட்டம் என்று நெருக்குகிறார்கள். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் கல்லடி வளவை ஈடு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம். அது மகளுக்கென்று இருக்கிற காணி.

வீட்டு நீர்ப்பம்பியையும் பக்கத்து வீட்டு ஓட்டோவையும் கழற்றிப் பூட்டுகிற பொடியன் பிஸ்னஸ் கேட்டானா? மாமாமார்தானே கேட்கிறார்கள்.

அவன் கைக்கு ஏற்ற வழி ஒன்று இருக்கிறது, வெளிநாட்டு மெட்ரோ ரயில்களில் பராமரிப்பு வேலை. கோச்சி வேலை என்றால் நம்மூரில் ரயில்வே திணைக்களம் மட்டும்தான் நினைவுக்கு வரும். வெளியில் அப்படியில்லை. டுபாய் மெட்ரோ அரசின் சொத்து, ஆனால் 2009இல் தொடங்கியபோது ஓட்டியது சேர்கோ என்ற பிரித்தானியக் கம்பெனி, 2021இலிருந்து பிரெஞ்சுக் கம்பெனி கியோலிஸும் ஜப்பானின் மிட்சுபிஷியும் சேர்ந்த கூட்டு. தோஹாவிலும் கட்டாரின் ஹமத் குழுமத்தோடு இரண்டு பிரெஞ்சுக் கம்பெனிகள் சேர்ந்து நடத்துகின்றன. இரண்டிலும் சாரதி இல்லாத ரயில்கள், ஆகவே "டிரைவர் வேலைக்கா அனுப்புறீங்க?" என்று கேட்கிற மாமாவுக்கு அதையே பதிலாகச் சொல்லுங்கள். இப்படியான ஒப்பந்தங்களில் பொதுவாக ரயில் பிந்தினாலோ நகரும் படிக்கட்டு நின்றாலோ கம்பெனிக்குக் கிடைக்கும் பணத்தில் வெட்டு விழும். அதனால் மேடைக் கதவு, டிக்கெட் கேட், ஏசி, சிக்னல், மின்விநியோகம் என்று ஒவ்வொன்றுக்கும் டெக்னீஷியன்கள் தேவை, பெரிய திருத்தமெல்லாம் இரவில் கடைசி ரயில் போனபிறகுதான். தூக்கம் கெடும், அதையும் அவனிடம் சொல்லுங்கள்.

இதற்குப் பட்டம் தேவையில்லை. மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் அல்லது ஏசி பக்கம் என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) 4 வரை படிக்கட்டும், அரச கல்லூரி, வளவை ஈடு வைக்குமளவு செலவு வராது. அப்புறம் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் இரண்டு மூன்று வருடம் லிப்ட், ஏசி பராமரிப்பு. கூடவே ஆங்கிலம், ஏனென்றால் பாதுகாப்பு விதிகளை வாசித்து விளங்காதவனைத் தண்டவாளப் பக்கம் விடமாட்டார்கள்.

"மெட்ரோ வேலை" என்று சப் ஏஜெண்ட் காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் முதலாளி யாரென்று பாருங்கள், மெட்ரோ நடத்துகிற கம்பெனியா, துப்புரவுக்கு ஆள் கொடுக்கிற கம்பெனியா என்று. ஏஜென்சியின் லைசன்ஸை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்த பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.