எண்ணெய்ப் பண்டமும் எலிச் சோதனையும்

கேள்வி: டாக்டர், பொரித்தது எது சாப்பிட்டாலும் ராத்திரி வரை வயிறு கல் மாதிரி கனக்கிறது. 'எலிகளிடம் சோதித்தது, குடல் ஓட்டத்தை வேகமாக்கும்' என்று ஒரு மூலிகைச் சாறு மாத்திரை விற்கிறார்கள். வாங்கிப் போடலாமா?

பதில்: கொழுப்பு உள்ளே போனால் வயிறு மெதுவாகத்தான் இறங்கும், அது கோளாறு இல்லை. முன்சிறுகுடலில் கொழுப்பு பட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்கிற ஹார்மோன் சுரந்து, பித்தப்பையைச் சுருக்கிப் பித்தத்தை வரவழைக்கும், கையோடு இரைப்பையின் கடைவாசலையும் இறுக்கி 'கொஞ்சம் பொறு' என்று நிறுத்திவைக்கும். கட்டியான சாப்பாடு காலியாகச் சாதாரணமாகவே நாலு மணி நேரம்கூட ஆகலாம், கொழுப்பு கூடினால் இன்னும் இழுக்கும்.

சரி, அந்த எலிச் சோதனை. எலிக்கு மருந்தைப் புகட்டி, அப்புறம் கரித்தூள் கலந்த கூழைக் கொடுப்பார்கள். அரை மணி கழித்து, எலியைக் கொன்று, சிறுகுடலை எடுத்து மேசையில் நீட்டிவைத்து, கறுப்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று அளவுகோலால் அளப்பார்கள். வயிறு கனம் குறைந்ததா என்று எலியிடம் யார் கேட்பது?

மனிதர்களிடம் ஓரளவு சோதித்துப் பார்த்தவற்றில் ஒன்று சுக்கு. 1.2 கிராம் சுக்குப்பொடி கொடுத்ததில் இரைப்பை சீக்கிரம் காலியானது உண்மை. ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சாப்பாடு சூப், எண்ணெய்ப் பண்டம் இல்லை, அதோடு அஜீரணக்காரர்களிடம் இதையே செய்து பார்த்தபோது வயிறு வேகமாகக் காலியானதே தவிர கனமும் உப்புசமும் அப்படியேதான் இருந்தன. பெப்பர்மிண்ட் எண்ணெய் நேர்மாறு, தசையைத் தளர்த்தும், குடல் பிடிப்புக்கு நல்லது, ஆனால் உணவுக்குழாயின் கீழ்வாசலையும் தளர்த்திவிடுவதால் நெஞ்செரிச்சல்காரர்களுக்கு ஆகாது. நிலவாகை என்கிற மலமிளக்கி மூலிகை சேர்ந்த மாத்திரையா? அது வேலை செய்வது பெருங்குடலில், அதுவும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து. ராத்திரி வயிறு அப்படியே கனக்கும், காலையில் கழிப்பறைக்கு ஓடுவீர்கள், அவ்வளவுதான்.

அதனால் பெட்டியைத் திருப்பி என்ன மூலிகை, எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள். பொரித்ததை ஒரே வேளையில் குவிக்காமல் பாதியாக்கிப் பார்ப்பது செலவில்லாத வழி. சுக்கு போட்டுப் பார்க்கலாம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே வலித்துத் தோள்பட்டை வரை போகிறதா? அப்படியானால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், ஒரு ஸ்கேன் எடுங்கள். எடை தானாகக் குறைந்தாலோ மலம் தார் மாதிரி கறுத்தாலோ காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.