குஸ்கோவில் இரண்டு நாள்: எங்கே தொடங்குவது, எந்த டிக்கெட் வாங்குவது?

கேள்வி: ஜூன் மாதம் குடும்பத்தோடு பெரு போகிறோம். மச்சு பிச்சு டிக்கெட் எடுத்தாயிற்று. குஸ்கோ நகரத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறோம். அப்பா, அம்மா இருவருக்கும் வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அப்பா ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். எல்லோரும் சைவம். ஒரே சுற்றுலா டிக்கெட்டில் எல்லா இடமும் பார்த்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: குஸ்கோவிலிருந்து தொடங்காதீர்கள். நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருக்கும் லீமாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் விமானம் அங்கே இறக்கிவிடும். உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. ஆறேழு மணி நேரம் கழித்துத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். அந்த இரண்டு நாளும் படுக்கையிலேயே போய்விடும்.

விமான நிலையத்திலிருந்தே வண்டி பிடித்து உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். உருபம்பா ஊர் சுமார் 2,870 மீட்டர், அதே பள்ளத்தாக்கில் உள்ள ஒயாந்தைதம்போ 2,800 மீட்டருக்குச் சற்றுக் கீழே. வழியில் நிறுத்தாமல் போனால் இரண்டு மணி நேரம் ஆகும். முதல் நாள் ஓய்வு. மறுநாள் ஒயாந்தைதம்போ கோட்டை. மச்சு பிச்சு ரயில் அங்கிருந்தே புறப்படுகிறது, மச்சு பிச்சுவும் 2,430 மீட்டர்தான். அதைப் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு நாளைக் குஸ்கோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு அதற்குள் பாதி பழகியிருக்கும்.

மாத்திரை விஷயம். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்கும் அசிட்டசோலமைடு பொதுவாக 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. உயரத்துக்குப் போவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். விரல் நுனிகள் மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அப்பாவின் ரத்த அழுத்த மருந்தில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து கலந்திருக்கலாம்; கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் சீட்டைக் காட்டிவிடுங்கள். வழக்கமான மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு நாள் மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்; தாழ்வான இடத்துக்கு இறங்குவதுதான் முதல் மருந்து.

விடுதிகளில் கோகா இலைத் தேநீர் கொடுப்பார்கள். குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்குக் கொண்டுவராதீர்கள். இந்தியாவில் அது சட்டப்படி போதைப்பொருள்.

இனி டிக்கெட். ‘போலேத்தோ துரிஸ்திகோ’ என்ற பொது டிக்கெட் வெளிநாட்டவருக்கு 130 சோல் (பெரு நாணயம்), பத்து நாள் செல்லும், 16 இடங்களுக்கு நுழைவு. ஓர் இடத்துக்கு ஒரு முறைதான். 70 சோலுக்குப் பகுதி டிக்கெட்டும் உண்டு: பள்ளத்தாக்குக்கு இரண்டு நாள், குஸ்கோவுக்கு மேலே உள்ள சக்சைவமான் கோட்டையும் அதை ஒட்டிய மூன்று இடங்களும் சேர்த்து ஒரே நாள். உங்களுக்கு இரண்டுமே வேண்டும். தனித்தனியாக எடுத்தால் 140 ஆகிவிடும். ஆகவே ஒயாந்தைதம்போ வாசலிலேயே பொது டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். சோல் நோட்டாகக் கையில் பணம் வைத்திருங்கள். கிளம்பும் முன் கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நகரத்தின் மிக முக்கியமான இரண்டு இடங்கள் அந்தப் பதினாறில் இல்லை. ஒன்று தலைமைத் தேவாலயமான கதீட்ரல், இன்னொன்று பழைய இன்கா கோயிலான கொரிகாஞ்சா. ‘கொரிகாஞ்சா அருங்காட்சியகம்’ என்று டிக்கெட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது வெளியே புல்வெளிக்கு அடியில் இருக்கும் சிறு காட்சியகம் மட்டுமே. கோயிலும் அதன்மேல் எழுந்த சாந்தோ தொமிங்கோ மடமும் தனிக் கட்டணம். கதீட்ரலுக்கு சான் பிளாஸ் தேவாலயம், பேராயர் மாளிகை ஆகியவற்றோடு சேர்ந்த கூட்டு டிக்கெட் கிடைக்கும், அதை எடுங்கள்.

குஸ்கோவில் முதல் நாள் காலை கொரிகாஞ்சாவில் தொடங்குங்கள். இன்கா அரசின் தலைமைச் சூரியக் கோயில் இது. சுவரில் பதித்திருந்த பொற்தகடுகளை 1533ல் பிடிபட்ட இன்கா மன்னன் அதாவல்பாவின் மீட்புத் தொகைக்காக ஸ்பானியர்கள் பெயர்த்தெடுத்தார்கள். பிறகு அதன்மேலேயே மடத்தைக் கட்டினார்கள். 1950 மே 21ல் வந்த நிலநடுக்கத்தில் மடம் பெருமளவு இடிந்தது. அதற்குள் மறைந்திருந்த இன்கா அறைகள் அசையாமல் வெளிப்பட்டன. காரணத்தை நீங்களே பார்க்கலாம்: சுவர் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், வாசல்களும் மாடங்களும் அடியில் அகன்று மேலே குறுகியிருக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து கிடையாது. நிலம் அதிரும்போது கற்கள் நகர்ந்து, திரும்ப அதே இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. வெளியே எல் சோல் சாலைப் பக்கம் வந்து, வளைந்த கருஞ்சுவரையும் அதன் தலைக்கு மேல் நிற்கும் ஸ்பானிய மாடத்தையும் சேர்த்துப் பாருங்கள். இந்த நகரத்தின் மொத்தக் கதையும் அந்த ஒரு மூலையில் இருக்கிறது.

அங்கிருந்து லொரேத்தோ சந்து வழியாகவே நகர நடுச் சதுக்கத்துக்கு நடங்கள். இரு புறமும் இன்கா சுவர்தான். ஆள் உயரம் வரை ஒட்டிப் பொருந்திய கல், அதற்கு மேல் சாந்து பூசிய வெள்ளைச் சுவர். இரண்டும் சேரும் விளிம்பைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போகலாம். பன்னிரண்டு மூலைகளோடு வெட்டிப் பொருத்திய புகழ்பெற்ற கல் ஆதுன் ருமியோக் தெருவில், பேராயர் மாளிகைச் சுவரில் இருக்கிறது. தொடக் கூடாது.

கதீட்ரலுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. மார்கோஸ் சபாத்தா வரைந்த ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தில் இயேசுவின் முன்னால் தட்டில் மல்லாந்து கிடப்பது குய் என்கிற கினிப்பன்றி. ஆண்டிஸ் மலைக்காரர்களின் விருந்துணவு. 1650 நிலநடுக்கத்தை வரைந்த பெரிய ஓவியத்தையும் தவறவிடாதீர்கள். சதுக்கத்தில் ஊர்வலம், எரியும் கூரைகள் என்று ஊரே அதில் இருக்கிறது. மெழுகுவத்திப் புகையில் கறுத்த ‘நிலநடுக்கங்களின் ஆண்டவர்’ என்ற சிலுவை இயேசு சிலையும் இதே கூரையின் கீழ்தான்.

இரண்டாம் நாள் மேலே. பலர் சதுக்கத்திலிருந்து சக்சைவமானுக்கு ஏறி நடந்து, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். காத்திருக்கும் டாக்சி பேசி, மிக மேலே உள்ள இன்கா இடமான தம்போமச்சாய்க்கு முதலில் போங்கள். பிறகு புகா புகாரா, கென்கோ, கடைசியில் சக்சைவமான். இறக்கமாகவே வந்துவிடலாம். சக்சைவமானில் பெருங்கற்கள் மட்டும் எஞ்சியிருப்பதற்கும் காரணம் உண்டு: தூக்க முடிந்த கற்களை எல்லாம் கதீட்ரலுக்கும் வீடுகளுக்கும் ஸ்பானியர்கள் இறக்கிக்கொண்டு போனார்கள். ஜூன் 24 இன்டி ராய்மி என்ற சூரியத் திருவிழா. அன்று அங்கே வழக்கம்போல் சுற்றிப் பார்க்க முடியாது. அந்த வாரம் விடுதி வாடகையும் ஏறிவிடும்.

மதியம் சான் பிளாஸ் பகுதி. கைவினைப் பட்டறைகளும், தேவாலயத்தில் மரத்தால் செதுக்கிய பிரசங்க மேடையும் பார்க்க வேண்டியவை. தெரு செங்குத்து, உருண்டைக் கல் பாவியது. அம்மாவுக்கு ரப்பர் அடி பிடித்து நிற்கிற காலணி அவசியம்.

சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் இல்லை, ஆனால் கேட்கும் விதம் முக்கியம். ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் சொல்லுங்கள். கினோவா தானிய சூப் பார்க்கச் சைவமாக இருக்கும். பெரும்பாலும் கோழி எலும்புச் சாற்றில் காய்ச்சியது, கேட்டுவிட்டே வாங்குங்கள். பெருமணிச் சோளமும் வெண்ணெய்க்கட்டியும் சேர்ந்த ‘சோக்லோ கோன் கேசோ’ தெருவிலேயே கிடைக்கும், வயிறும் நிறையும். சான் பெத்ரோ சந்தையில் பழச்சாறு வாங்கினால் ‘அகுவா எர்வீதா’, அதாவது காய்ச்சிய தண்ணீர், கேளுங்கள்.

ஜூன் இரவுக் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். பல விடுதிகளில் அறைச் சூடேற்றி இருக்காது. முன்பதிவு செய்யும்போது அதையும் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.