திருகோணமலையில் வாங்கும் மாட்டு நெஞ்சிறைச்சியை மெத்தென்று சமைப்பது எப்படி? கூட என்ன வைக்கலாம்?

கேள்வியின் சுருக்கம் இதுதான். டெக்சாஸ்காரர் புகையில் வைத்து எடுக்கும் பிரிஸ்கட் வீடியோவைப் பார்த்து, இங்கே வாங்கிய நெஞ்சிறைச்சியைத் திறந்த தட்டில் ஒவனில் வைத்திருக்கிறீர்கள். அது காய்ந்து தோல் மாதிரி வந்துவிட்டது. காரணம் என்ன, அதோடு என்ன வைத்துச் சாப்பிடலாம் என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. இறைச்சி வேறு, முறை வேறு. அந்த வீடியோக்களில் வருவது தானியம் தின்று கொழுத்த மாட்டின் ஐந்து, ஆறு கிலோ முழுத்துண்டு. மேலே விரல் தடிப்புக்குக் கொழுப்பு, தசைக்குள்ளும் கொழுப்பு. அதனால்தான் 110, 120 பாகை செல்சியஸில் 12 மணித்தியாலம் கிடந்தாலும் அது காய்வதில்லை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் புல் மேய்ந்து நடந்து திரிந்த மாடு. துண்டு சிறியது, கொழுப்பு குறைவு, இருக்கிற கொழுப்பும் மஞ்சள் நிறம். உலர்ந்த சூட்டில் வைத்தால் சவ்வு கரைவதற்கு முன்னமே தண்ணீர் முழுக்கப் போய்விடும். ஆகவே நம்மூர் நெஞ்சிறைச்சிக்கு மூடிய சட்டியும் கொஞ்சம் குழம்பும்தான் சரி. இறைச்சிக்குப் புகைமணம் ஏற்றும் ஆசை இருந்தால் அதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சவ்வு விசயத்தை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்பக்கப் பாரத்தை நெஞ்சுத் தசையே தாங்குகிறது, அதனால் அதில் கொலாஜன் என்ற சவ்வு நிறைய. அது 70 பாகைக்கு மேலேதான் ஒழுங்காக இளகத் தொடங்கும். இறைச்சியின் நடுப்பகுதி 90 தாண்டி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால்தான் முழுக்க ஜெலட்டின் ஆகும். இரண்டு மணித்தியாலத்தில் குத்திப் பார்த்து, "கூட வெந்து இறுகிவிட்டது" என்று அடுப்பை அணைப்பவர்கள் அநேகம். உண்மையில் அது இன்னும் வேகவில்லை. அந்தக் கட்டத்தில் தசைநார் சுருங்கி முடிந்திருக்கும், சவ்வு போதிய அளவு கரைந்திருக்காது. அதுதான் மிக மோசமான நேரம். இன்னும் ஒன்றரை மணித்தியாலம் விடுங்கள்.

வாங்கும்போது கடைக்காரர் கத்தியை எடுப்பதற்கு முன்னமே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எலும்போடு சேர்த்துக் கறித்துண்டாகப் போட்டுவிடுவார். "நானா, முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவில நெஞ்சுப் பக்கம், எலும்பு எடுத்து, வெட்டாம ஒரே துண்டா ரெண்டு கிலோ தாங்க, கொழுப்ப வழிக்காதீங்க" என்றால் விளங்கும். முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது. போயா நாளில் இறைச்சிக்கடை திறக்காது, விருந்துக்கு நாள் குறிக்கும்போது கலண்டரையும் பாருங்கள். 2 கிலோ இறைச்சி வெந்து முடிய ஏறத்தாழ 1.2 கிலோதான் மிஞ்சும். ஆறு பேருக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்ததும் துடைத்து, கிலோவுக்கு 12 கிராம் கணக்கில் தூள் உப்பைத் தடவி, மூடாமல் ஒரு இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பு காயும். காய்ந்த மேற்பரப்புதான் நன்றாகச் சிவக்கும். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் அது பொரியாது, அவியும். பப்பாசிக்காய் தடவுவதைப் பற்றியும் கேட்பீர்கள். சின்னத் துண்டுகளுக்கு அது உதவும், இவ்வளவு தடித்த துண்டுக்கு வேண்டாம். வெளிப்பக்கம் களியாகும், உள்ளே எட்டவே எட்டாது.

தூளுக்கு மல்லி மூன்று மேசைக்கரண்டி, மிளகு ஒன்றரை, பெருஞ்சீரகம் ஒன்று, நற்சீரகம் ஒரு தேக்கரண்டி, ஏலம் ஐந்து, கராம்பு ஐந்து, இரண்டு அங்குலக் கறுவா. மல்லியும் கறுவாவும் முதலில், சீரகங்கள் கடைசியில் என்று வறுத்து, கரகரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். செத்தல் மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி தனியாக.

அடி தடித்த சட்டியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, இறைச்சியை முழுதாக வைத்து, பக்கத்துக்கு ஐந்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள். கடும் மண்ணிறம் வர வேண்டும். எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் நீளமாக அரிந்த பம்பாய் வெங்காயம் 400 கிராம், ஒரு முழு உள்ளி, இரண்டு அங்குல இஞ்சி, ரம்பை, கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமானதும் தூள்களைப் போட்டு அரை நிமிடம் பிரட்டி, உடனே 600 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, இரண்டு துண்டு கொறுக்காய். அடியில் பிடித்ததை அகப்பையால் சுரண்டிவிட்டு, கொழுப்புப் பக்கம் மேலே வரும்படி இறைச்சியை வையுங்கள். தண்ணீர் பாதி உயரத்துக்குத்தான் நிற்க வேண்டும். முழுக்க மூழ்கினால் குழம்பு சப்பென்று போகும். மேலும் உப்புப் போடாதீர்கள், குழம்பு வற்ற வற்ற உப்பு ஏறும்.

தேங்காய்ப்பாலை ஆரம்பத்தில் விடவே கூடாது. மூன்று மணித்தியாலம் கொதித்தால் திரைந்து எண்ணெய் பிரிந்து நிற்கும். விருப்பமானால் அடுப்பை அணைக்கும் முன் முதற்பால் முக்கால் கோப்பை விடலாம். விடாமல் மிளகுப் பிரட்டலாக வற்றவிடுவதுதான் இந்த இறைச்சிக்கு அழகு.

இனிச் சூடு. சின்ன அடுப்பில் ஆகக் குறைந்த தீ, மூடி இறுக்கமாக. திறந்து பார்த்தால் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து உடைய வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் இறைச்சி மெத்தென்று ஆகும், ஆனால் நார் நாராகப் பிரிந்து வாயில் சக்கையாகும். ஒன்றரை மணித்தியாலத்தில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். மொத்தம் மூன்றரை மணித்தியாலம், முதிர்ந்த மாடென்றால் நாலு. ஒவன்தான் வேண்டுமென்றால் அதே சட்டியை அலுமினியத் தாளாலும் மூடியாலும் அடைத்து 150 பாகையில் அதே நேரம். முள்ளுக்கரண்டியைக் குத்தித் திருகும்போது எதிர்ப்பில்லாமல் திரும்பினால் ஆயிற்று. மணிக்கூட்டை நம்பாதீர்கள், முள்ளுக்கரண்டியை நம்புங்கள்.

காஸ் சிக்கனத்துக்குப் பிரஷர் குக்கர் நல்லதுதான். துண்டை இரண்டாக வெட்டி, தண்ணீரை 400 மில்லிலீற்றராகக் குறைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 55 நிமிடம். விசிலை எண்ண வேண்டாம், ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு மாதிரி அடிக்கும். ஆவியைக் கரண்டியால் தூக்கி வெளியேற்றாதீர்கள். அழுத்தம் திடீரென்று விழுந்தால் தசைக்குள் இருக்கும் நீர் கொதித்து வெளியே வந்துவிடும். தானாக அடங்க 20 நிமிடம் கொடுங்கள்.

வெந்தபின் குழம்புக்குள்ளேயே அரை மணித்தியாலம் கிடக்கட்டும். பிறகு நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்காகப் பென்சில் தடிப்பில் வெட்டுங்கள். நெஞ்சிறைச்சியில் இரண்டு தசை ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும், இரண்டின் நாரும் வேறு வேறு திசை. பாதி வெட்டியதும் நிறுத்தி, மற்றத் தசை தெரியும் இடத்தில் துண்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காததால்தான் ஒரு பக்கம் மெத்தென்றும் மறுபக்கம் சவசவவென்றும் இருக்கிறது. வெட்டிய துண்டுகளை வற்றிய குழம்பில் பிரட்டி எடுங்கள். புகைமணம் வேண்டுமென்றால் சட்டி நடுவே சின்னக் கிண்ணத்தில் தணலான சிரட்டைக்கரியை வைத்து, அதன் மேல் அரைக் கரண்டி நெய் விட்டு, பத்து நிமிடம் மூடி வையுங்கள்.

இனிப் பக்கக்கறி. இந்த இறைச்சியில் கொழுப்பும் ஜெலட்டினும் சேர்ந்து உதட்டில் ஒட்டும் பாரம் இருக்கிறது. அதனால் பருப்புக்கறி, உருளைக்கிழங்குப் பால்கறி என்று பால் விட்டவற்றை அடுக்காதீர்கள். நாலாவது வாயிலேயே திகட்டும். புளிப்பு, கசப்பு, பச்சைத்தன்மை மூன்றில் குறைந்தது இரண்டேனும் தட்டில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதலிடம் பாவற்காய்ச் சம்பலுக்கு. மெல்லிய வட்டமாக அரிந்து உப்பு, மஞ்சள் பிரட்டி மொறுமொறுவென்று பொரித்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பரிமாறுவதற்குச் சற்று முன் பிசைவது. முன்னமே பிசைந்தால் நமத்துப்போகும். அடுத்தது கிண்ணியா எருமைத் தயிரில் வெள்ளரிக்காய். காயை அரிந்து உப்புப் போட்டுப் பத்து நிமிடத்தில் பிழிந்த பிறகே தயிரில் சேருங்கள், இல்லையென்றால் தண்ணீர் விட்டுவிடும். வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை இரண்டும் பொருந்தும். அன்னாசி அச்சாறு தட்டில் இருக்கட்டும், ஆனால் பச்சை அன்னாசியை இறைச்சியோடு கலந்து வைக்காதீர்கள், இறைச்சி குழைந்துவிடும்.

சோறு வைப்பதென்றால் நெய்ச்சோறு வேண்டாம், வெறும் சம்பாச் சோறு போதும், முடிவில் ஒரு கோப்பை ரசம். இரவுச் சாப்பாட்டுக்கு ரோஸ்பாண்தான் எல்லாவற்றிலும் மேல். மொறுமொறு ஓரம் குழம்பை உறிஞ்சினாலும் கரையாது.

மறுநாள் பரிமாறுவதாக இருந்தால் இன்னும் நல்லது. வெட்டாமல் குழம்போடு அகலமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். நம்மூர்ச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. குளிர்ந்தபின் மேலே உறையும் கொழுப்பை வழித்தெடுத்து மரவள்ளிக்கிழங்கு பொரிக்க வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த இறைச்சி உடையாமல் வெட்டுப்படும். துண்டுகளைக் குழம்பில் அடுக்கி, மூடி, மெல்லிய தீயில் கால் மணித்தியாலம் சூடாக்குங்கள். கிளற வேண்டாம், சட்டியைப் பிடித்து ஆட்டிவிட்டால் போதும்.