'நாங்கள்' கேள்விக்கு மட்டும் எல்லோரும் 5 போடுகிறார்களா?

நிறுவனத்தோடு தொழிலாளர்களுக்கு எவ்வளவு ஒட்டுதல் என்று ஆறு கேள்விகளால் அளக்கும் உங்கள் ஆய்வில், 'நாங்கள்' என்று வரும் அந்தக் கேள்வியைத் தூக்க வேண்டாம், தமிழாக்கத்தை மாற்றுங்கள். மில் தொழிலாளர்களிடம் மற்ற ஐந்துக்கும் பதில் பரவலாக வந்து, இது ஒன்றுக்கு மட்டும் ஏறக்குறைய எல்லோரும் 5 (முழுச் சம்மதம்) போட்டிருந்தால் சிக்கல் தமிழில்தான் இருக்கும்.

நீங்கள் எடுத்திருப்பது ஃப்ரெட் மேல் (Mael), ப்ளேக் ஆஷ்ஃபோர்த் (Ashforth) என்ற ஆய்வாளர்கள் இருவரின் 1992 அளவுகோல்; அதில் இந்தக் கேள்வி, நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது 'அவர்கள்' என்கிறீர்களா, 'நாங்கள்' என்கிறீர்களா என்று பார்க்கிறது. ஆங்கிலத்தில் அது ஒட்டுதலைக் காட்டும். நமக்கோ தனியாகக் குடியிருப்பவர்கூட 'எங்க வீடு' என்பார். சம்பளம் வராத மாதத்திலும் 'எங்க மில்லு'தான். அது பழக்கம், பாசம் இல்லை.

முதலில் ஐந்தாறு பேரிடம் கேள்வியை வாசித்துக் காட்டி, "இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் எஸ்பிஎஸ்எஸ் (SPSS) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஐட்டம்-டோட்டல் கோரிலேஷனை, அதாவது இந்தக் கேள்வியின் பதில் மற்றக் கேள்விகளின் மொத்தத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை, பாருங்கள். 0.3-க்குக் கீழே இருந்தால் என் சந்தேகம் வலுக்கிறது. "முதலாளி எடுத்த முடிவைச் சொல்லும்போது 'நாங்க முடிவு பண்ணினோம்' என்பீர்களா, 'அவங்க முடிவு பண்ணினாங்க' என்பீர்களா?" என்பதுபோல் மாற்றிப் பார்க்கலாம். இதில் பழக்கம் குறுக்கே வராது என்று நினைக்கிறேன்.

ஒன்று கவனம்: வாசகத்தை மாற்றினால் உங்கள் சராசரியை மூல அளவுகோலின் சராசரியோடு நேரடியாக ஒப்பிட முடியாது. மாற்றத்தை ஆய்வேட்டில் எழுதி, மறு மொழிபெயர்ப்பும் (தமிழ் வாசகத்தை இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவது) செய்துவிடுங்கள். வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். ஏற்கெனவே வாங்கிய படிவங்களைப் புதியவற்றோடு கலக்காதீர்கள்.