பின் சீட்டைக் கழற்ற வேண்டாம்

கேள்வி: என்னிடம் இருப்பது 1984 ஆடி குவாட்ரோ. மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பெட்ரோல் மளமளவென்று இறங்குகிறது. ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் விசை போகும் கார்) என்பதால் எடைதான் காரணம் என்கிறார்கள். பின் சீட்டைக் கழற்றினால் சரியாகுமா? மேலே ஒரு கேரியரும் இருக்கிறது.

பதில்: சீட் இருக்கட்டும். முதலில் காற்றைத் தடுக்கும் அந்தக் கேரியரைக் கழற்றுங்கள்.

உங்கள் கார் சுமார் 1,300 கிலோ. பின்பக்க டிஃபரென்ஷியல் (வளைவில் இரு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு), பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்சில்கள் எல்லாம் எடையைக் கூட்டத்தான் செய்கின்றன. அந்த எடையைக் கிளம்பும்போதும், மேடேறும்போதும், பிரேக் போடும்போதும் நன்றாகவே உணரலாம். சமமான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கதை வேறு. அங்கே 25 கிலோ சீட்டைக் கழற்றினால் இழுவையில் மிச்சமாவது கால் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதே 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று உங்கள் காரைப் பின்னுக்குத் தள்ளும் விசையோ 37, 38 கிலோவுக்குச் சமம். 120-ல் அது 54 கிலோ ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதைச் சமாளிக்க என்ஜின் தர வேண்டிய திறன் எட்டு மடங்கு.

குவாட்ரோவின் காற்றுத் தடைக் குணகம் (வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது) 0.43. நிமிர்ந்த முகப்பு, புடைத்த வீல் ஆர்ச்சுகள் எல்லாம் அதில் சேரும். எனக்கு உயிரான வடிவம் அது, ஆனாலும் காற்றுக்குப் பிடிக்காத வடிவம். 1982-ல் அதே கம்பெனி கொண்டுவந்த ஆடி 100 அதை 0.30-க்குக் குறைத்தது.

என் பழைய காரில் ஒருமுறை சோதித்தேன். ஆளில்லாத நேரான சாலையில் 100-ல் போய் நியூட்ரலில் விட்டேன். வேகம் 80-க்கு இறங்க 17 நொடி. காலி கேரியரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், அதே திசையில் விட்டபோது 19 நொடி! அன்றிலிருந்து தேவைப்படும் நாளில் மட்டும்தான் கேரியர் மாட்டுகிறேன்.

அப்புறம் இன்னொன்று. நடு டிஃபரென்ஷியல் லாக் (முன், பின் ஆக்சில்களை ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) விழுந்தபடியே கிடக்கிறதா என்று பாருங்கள். வறண்ட தார்ச்சாலையில் லாக்கோடு வளைந்தால் டயர்களும் கியர்களும் ஒன்றையொன்று இழுத்துத் தேயும். நான்கு டயரும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். ஸ்டெப்னியைக் கழற்றும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.