பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது: எந்தப் பாகத்தை மாற்றுவது?

கேள்வி: உவரிக்கு அருகில் வசிக்கிறேன். என்னுடையது ஒன்பது ஆண்டுப் பழைய சிறிய பெட்ரோல் கார். முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் டப்பாவின் கீழ்க்கோட்டுக்கு இறங்கி எச்சரிக்கை விளக்கு எரிகிறது. உள்ளூர் மெக்கானிக், குறையும்போது ஊற்றிக்கொண்டால் போதும் என்கிறார். திருநெல்வேலியில் ஓர் ஒர்க் ஷாப்பில், வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், மாஸ்டர் சிலிண்டருக்கும் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) நான்கு சக்கர வேலைக்குமாக 18,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்கு ஏற்க வேண்டாம். ஊற்றிக்கொண்டே ஓட்டலாம் என்பவர், அதே வண்டியில் தம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாபநாசத்திலிருந்து காரையாறு வரை ஏறி இறங்கச் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பிரேக் ஆயில் தானாக ஆவியாகித் தீர்ந்துபோவதில்லை. பிரேக் பேடுகள் தேயத் தேய, அவற்றை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே தள்ளி நிற்பதால் டப்பாவில் அளவு சற்று இறங்குவது இயல்புதான். ஆனால் அது மாதக்கணக்கில் மெதுவாக நடப்பது. சில வாரங்களிலேயே கீழ்க்கோட்டைத் தொடுகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்றே கொள்ள வேண்டும். அந்த இடத்தைக் கண்ணால் காட்டாத யாருக்கும் எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, இரவு முழுவதும் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் பகுதிக்கும் அடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் எந்த அட்டை நனைந்திருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். ஏ.சி. தண்ணீருக்கு நிறமும் வழவழப்பும் இராது. எஞ்சின் ஆயில் நீரில் மிதக்கும். பிரேக் ஆயிலோ நீரில் கலந்து கரைந்துவிடும். புதிதாக இருக்கையில் இளமஞ்சளாகவும், நாளாக ஆகப் பழுப்பாகவும் தெரியும்.

உங்கள் வகை வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பின்சக்கர வீல் சிலிண்டர், அதாவது டிரம்முக்குள் பிரேக் ஷூக்களைத் தள்ளும் பாகம். அதன் ரப்பர் சீல் தேய்ந்தால் ஒழுகல் டிரம்முக்குள்ளேயே தங்கி, டயரின் உட்பக்கம் ஈரமாகும் வரை வெளியே தெரியாது. ஆகவே டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். ஆயில் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடக் கூடாது, இரு பின்சக்கரங்களுக்கும் சேர்த்துப் புதிய ஷூ போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கடலோரம் என்பதால் அடுத்துப் பார்க்க வேண்டியவை வண்டியின் அடிவயிற்றில் ஓடும் இரும்புக் குழாய்கள். உப்புக்காற்றும், அலைவாய் ஓரத்து மணலும் அவற்றைத் தாங்கும் கிளிப்புகளின் இடுக்கில் தங்கி, துரு அங்கேதான் முதலில் தின்னத் தொடங்கும். துருப்பிடித்த குழாயைப் பசை பூசியோ, நடுவில் ரப்பர் குழாய் செருகியோ ஒட்டவைப்பது பழுதுபார்ப்பு ஆகாது. அழுத்தி மிதிக்கும்போது அந்தக் குழாயில் ஏறும் அழுத்தத்தை எந்த ஒட்டும் தாங்காது. முன்சக்கரங்களின் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு உண்டா, காலிப்பரைச் சுற்றியும், காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீட் நிப்பிள்களிலும் ஈரம் உண்டா என்பதையும் பார்க்கட்டும்.

இவை எல்லாம் உலர்ந்திருந்தும் அளவு குறைந்தால்தான் மாஸ்டர் சிலிண்டர் மீது சந்தேகம் வர வேண்டும். அதன் பின்புற சீல் பழுதானால் ஆயில், மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டருக்குள் இறங்கிவிடும், தரையில் சொட்டு விழாது. மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றிச் சற்று முன்னே இழுத்தால், பின்புறம் நனைந்திருப்பது தெரிந்துவிடும். கிளட்ச்சும் ஆயிலில் இயங்கும் சில கார்களில் இரண்டுக்கும் டப்பா ஒன்றே. அத்தகைய வண்டியில் கிளட்ச் சிலிண்டரையும் பார்க்காமல் பிரேக்கைக் குறை சொல்லக் கூடாது.

வேலை முடிந்ததும் பிளீடிங் செய்து காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். டப்பா மூடியில் அச்சிட்டிருக்கும் வகையையே, அதாவது டாட் 3 அல்லது டாட் 4, முத்திரை உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். திறந்து வைத்த புட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பே 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் சூடேறிய பிரேக்கில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் தரை வரை போய்விடும். எஞ்சின் ஆயிலையோ ஸ்டீரிங் ஆயிலையோ அவசரத்துக்குக்கூட ஊற்றக் கூடாது. எல்லா ரப்பர் சீல்களும் உப்பிக் கெட்டுவிடும். அப்படி நடந்திருந்தால்தான் 18,000 ரூபாய் மதிப்பீட்டில் நியாயம் இருக்க முடியும்.

ஒழுகலைச் சரிசெய்யும் வரை வண்டியை ஓட்ட வேண்டாம். பிரேக் இரு தனிச் சுற்றுகளாகப் பிரிந்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும் என்பது உண்மை; ஆனால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் மிகவும் கூடிவிடும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், அல்லது ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வீல் சிலிண்டர் மாற்றினேன். இரண்டே மாதத்தில் அதே சக்கரம் மறுபடி ஒழுகுகிறது. பணம் பெற்றதாகத் துண்டுச்சீட்டு மட்டுமே தந்திருக்கிறார்கள். மீண்டும் முழுக் கட்டணம் கேட்கிறார்கள்.

பதில்: துண்டுச்சீட்டையும், பணம் அனுப்பிய கைபேசிப் பதிவையும் பத்திரப்படுத்துங்கள். ஒழுகும் சக்கரத்தை, வண்டி எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டு, வேறொரு மெக்கானிக்கிடம் என்ன பழுது என்று எழுதி வாங்குங்கள். பிறகு, இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அல்லது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இனி எங்கு வேலை கொடுத்தாலும் பாகத்தின் பெயர் எழுதிய ரசீதையும், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கப்போகிறேன். பிரேக் ஒழுகலை நானே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், டப்பாவில் அளவு சரியாக இருந்தாலும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு இருக்கலாம். பழைய வண்டியில் ஆயில் மட்டும் பளிச்சென்று புதிதாக, மேல்கோடு வரை நிரம்பியிருந்தால், அண்மையில் என்ன வேலை நடந்தது என்று ரசீதுடன் கேளுங்கள். தனிநபரிடம் வாங்கிவிட்டுப் பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் புகார் நிற்பது கடினம், ஏனெனில் அவர் வணிகர் அல்லர்; ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே டிரம்மைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.