பனைமரச் சாலை: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

ஜனவரியில் குடும்பத்தோடு கம்போடியா போய்வந்தோம். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள். சியம் ரீப்பில் தங்கி முதல் மூன்று நாளும் அங்கோர் வாட், பாயோன், தா புரோம் என்று சுற்றினோம். நான்காம் நாளுக்கு 'கிராமமும் கோயில்களும்' என்று ஓர் ஒருநாள் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தோம். கார், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து. காலையில் சாலையோரம் பனஞ்சர்க்கரை காய்ச்சும் இடம், பிறகு பாந்தே ஸ்ரெய், பெங் மெலியா, சாயங்காலம் பாகோங்.

நடுவில் ஒரு கிராமத்தில் இறக்கி ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். மரக்கால்கள் மேல் உயரத்தில் கட்டிய வீடு. கீழே தூளியில் படுத்திருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். வழிகாட்டி அவரைக் கையால் காட்டிக் காட்டி விளக்கினார். நாங்கள் போட்டோ எடுத்தோம். அடுத்து ஒரு பள்ளிக்கூடம். பாடம் நின்றது, பிள்ளைகள் எழுந்து பாட்டுப் பாடினார்கள். காரில் ஏறியதும் என் மகள், "நம்ம ஸ்கூலுக்கு யாராவது இப்படி வந்தா நீ விடுவியாம்மா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஏழ்மையை வேடிக்கை பார்க்கக் காசு கொடுத்தோமா என்று இன்னும் உறுத்துகிறது.

என் கணவரைக் கேட்டால் கிராமத்துக்குப் போனதே வீண். இந்தக் கோயிலெல்லாம் எங்கள் தமிழ் ராஜா கட்டியது என்று அவர் சொன்னபோது வழிகாட்டி சிரித்துக்கொண்டார். பெங் மெலியாவில் எல்லாம் சரிந்து கிடப்பதைப் பார்த்து, ஏன் தூக்கி நிறுத்தாமல் விட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டார். நீங்கள் அந்தப் பக்கம் போனதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

பி.கு: ஓலையில் சுற்றி விற்ற சர்க்கரை நாலு கட்டு வாங்கிவந்தேன். இங்கே வந்ததும் இளகி வழிகிறது. கெட்டுப்போய்விட்டதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் கேட்டதற்கே முதலில் வருகிறேன். விடமாட்டோம் என்பதுதான் பதில். தயங்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள். வகுப்பு நேரத்தில் கார் காராக ஆள் வந்து நின்றால் அந்தப் பிள்ளைகள் என்றைக்குப் படிப்பது? நான் போனபோதும் பட்டியலில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கிளம்பும்போதே வேண்டாம் என்றேன். வழிகாட்டி முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். "அப்படியானால் நூடுல்ஸ் சாப்பிட நேரம் கிடைக்கும்" என்றார்.

பாட்டி விஷயம் கொஞ்சம் வேறு. கெமர் மக்கள் என்றால் கம்போடியாவின் பெரும்பான்மை மக்கள். அவர்கள் வீடுகளில் அந்தக் கீழ்ப்பகுதிதான் நம் திண்ணை மாதிரி. தூளி, தறி, மாடு, மோட்டார் சைக்கிள், மழைநீர் பிடிக்கிற பெரிய சாடிகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். பகலில் வீடு என்றால் அந்த நிழல்தான். அங்கே ஆள் வந்து உட்காருவது ஒன்றும் அத்துமீறல் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை பாருங்கள். வழிகாட்டி பாட்டியைப் பற்றி உங்களிடம் அவ்வளவு பேசினாரே, உங்களைப் பற்றிப் பாட்டியிடம் ஏதாவது சொன்னாரா? எந்த ஊர், ஒரே பெண்தானா, அங்கேயும் நெல்தானா என்று அவர் கேட்க ஒரு வழி இருந்திருந்தால் உங்களுக்கு இந்த உறுத்தல் வந்திருக்காது என்று தோன்றுகிறது.

இன்னொன்று. அந்தப் பாட்டிக்கு எழுபது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்தபோது அவருக்கு இருபது வயது இருக்கும். அதிலிருந்து 1979 ஜனவரிவரை சுமார் 17 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் போனார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நகரத்துக்காரர்களை வயலுக்கு விரட்டினார்கள், குடும்பங்களைப் பிரித்தார்கள். அந்த வயதுக்காரர்களை முன்னால் உட்கார வைத்து 'கிராம வாழ்க்கை' என்று விளக்குவது எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர்களாகப் பேசினால் கேட்கலாம். நாமாகக் கிளறக் கூடாது.

இதையெல்லாம் நான் முதல் பயணத்தில் தெரிந்து செய்யவில்லை. பனை காப்பாற்றியது. பாந்தே ஸ்ரெய் போகிற சாலையில் பிரியா டாக் என்று ஒரு கிராமம். உங்களையும் அங்கேதான் நிறுத்தியிருப்பார்கள். சாலையோரம் வரிசையாக மண் அடுப்பும் அகல வாணலியுமாக இருக்கும். நான் உடன்குடிப் பக்கத்துக்காரன், அந்த வாசனை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஒரு நடுத்தர வயதுப் பெண், தலையில் கட்டம்போட்ட கிராமா துண்டு. பாகு பதம் வந்ததும் வாணலியை இறக்கிவைத்து, ஒரு மரக்கட்டையால் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் இவ்வளவு அடிக்க மாட்டார்கள். அடிக்க அடிக்கக் கருஞ்சிவப்பு வெளுத்துத் தேன் நிறத்துக்கு வந்தது, மணல்மணலாகத் திரண்டது. அதை ஓலையில் முடைந்த சின்ன வளையங்களுக்குள் ஊற்றினார். நாம் சிரட்டையில் ஊற்றுவதுபோல.

பதநீர் புளிக்காமல் இருக்க என்ன போடுவீர்கள் என்று வழிகாட்டி மூலமாகக் கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதுவரை யாரும் அவரை இதைக் கேட்டதில்லை போல. உள்ளே போய் ஒரு மூங்கில் குழாயை எடுத்துவந்து கவிழ்த்தார். அடியிலிருந்து மரச் செதில்கள் விழுந்தன. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், துவர்ப்பு. நாங்கள் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவோம் என்றேன். சுண்ணாம்பா என்று இரண்டு முறை கேட்டார். வெற்றிலைக்குப் போடுகிற அதே சுண்ணாம்பா? ஆமாம். பக்கத்து அடுப்புக்காரியைக் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு மரம் ஏறுவதைப் பற்றி. அங்கே மரத்தோடு ஒரு மூங்கிலைக் கட்டிவிடுகிறார்கள், கணுக்களில் விட்ட கிளைக் குச்சிகள்தான் படி. தளைநார் போட்டு நெஞ்சை உரசிக்கொண்டு ஏறுகிற நம் பனையேறிகளைப் பற்றி நடித்துக் காட்டினேன். அந்த வயதில் எனக்கு அது தேவையா என்று என் மனைவி நினைத்தது முகத்தில் தெரிந்தது.

அது நம் பனையேதான், மாதிரி இல்லை. அதே இனம். 2005-இல் அதைத் தங்கள் தேசிய மரமாக அறிவித்தார்கள். நமக்கு மாநில மரம். தெனோத் என்கிறார்கள். வயல் வரப்புகளில் தனித்தனியாக நிற்கிற அந்த உயரமான பனைகளைப் பார்த்தால் திருச்செந்தூர் சாலையில் போகிற மாதிரியே இருக்கும்.

அந்தப் பெண்ணிடம் ஆறு கட்டு வாங்கினேன். அவருக்கு வியாபாரம், எனக்குச் சரக்கு. போட்டோ எடுக்கலாமா என்று கேட்க மறந்தேபோனது. உங்களுக்குப் பாட்டி வீட்டில் வந்த உறுத்தல் இந்த இடத்தில் வந்திருக்காது என்று நினைக்கிறேன், வந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

சரி, உங்கள் கணவருக்கு வருகிறேன். கோயில் வேறு, கிராமம் வேறு என்று அவர் நினைக்கிறார். மூன்றாம் நாளுக்குள் அவர் பார்த்த தா புரோமில் 1186-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அந்த ஒரு கோயிலுக்கு ஊழியம் செய்யவும் படியளக்கவும் ஒதுக்கப்பட்ட கிராமங்கள் 3,140, ஆட்கள் 79,365 என்று கணக்குச் சொல்கிறது அது. ஆடல் மகளிர் மட்டும் 615 பேர். மரவேர் பிடித்த சுவரை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அந்தச் சுவர் எழும்பக் காரணமான அரிசி வந்தது உங்கள் கார் ஓடிய மாதிரியான வயல்களிலிருந்துதான். பாயோன் வெளிச்சுவரின் சிற்பங்களை நின்று பார்த்தாரா? கடற்போருக்குக் கீழே சந்தை, சமையல், சேவல் சண்டை, மாட்டுவண்டி எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வண்டியின் வளைவை இன்றைய கம்போடிய வண்டியிலும் காணலாம். 1296-இல் வந்து ஒரு வருடம் அளவு தங்கிப்போன சீனத் தூதர் சௌ தாகுவான், இங்கே வியாபாரம் பெண்கள் கையில் இருக்கிறது, சாதாரண மக்கள் வீட்டுக்கு ஓடு போடக் கூடாது, கூரைதான் என்று எழுதிவைத்திருக்கிறார். பிரியா டாக் அடுப்பங்கரையில் இன்றைக்கும் காசு வாங்குவது பெண்கள்தான்.

தமிழ் ராஜா கதை. வழிகாட்டி சிரித்ததோடு விட்டார், நல்ல மனிதர். அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் கெமர் அரசன். பெயரில் 'வர்மன்' இருப்பதால் பல்லவன் என்று யாரோ கிளப்பிவிட்டது வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உண்மையான தொடர்புகள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? கெமர் எழுத்தே தென்னிந்தியப் பல்லவ எழுத்து வழியில் வந்தது. காம்போஜ அரசன், அதாவது கம்போடிய அரசன், ராஜேந்திர சோழனின் நட்பை நாடித் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் காம்போஜ அரசன் காட்சியாகக் கொடுத்த ஒரு கல்லைப் பற்றிச் சிதம்பரத்தில் முதல் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு உண்டு. ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்குத் தேரும் கல்லும் அனுப்பினால் அவர்கள் இரண்டு ராஜாக்கள் என்றுதானே அர்த்தம்?

அவர் பெருமைப்பட ஒன்று வேண்டுமென்றால் பாந்தே ஸ்ரெய்யிலேயே இருந்தது. அதைக் கட்டியது அரசன்கூட இல்லை, யக்ஞவராகர் என்ற அந்தண குரு. 967-இல் குடமுழுக்கு. இளஞ்சிவப்பு மணற்கல், மரத்தில் செதுக்கியதுபோல நுணுக்கம். கைலாயத்தை ராவணன் உலுக்குவதை வழிகாட்டி காட்டியிருப்பார், எல்லோரும் காட்டுவார்கள். கிழக்கு வாயிலின் முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியின் ஓரத்தில், கவனிக்காவிட்டால் தப்பிவிடுகிற அளவில், வற்றி மெலிந்து மார்பு தொங்கிய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து நடராஜர் பக்கத்திலும் அம்மையார் உண்டு. ஆனால் அந்தக் கோயில் எழுந்தது பாந்தே ஸ்ரெய்க்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. பேய் உருவம் கேட்டு வாங்கிய நம் காரைக்கால் பெண் அதற்கு முன்பே கடல் தாண்டிப் போய்விட்டார். எந்த ராஜாவும் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டியதில்லை. போட்டோ எடுத்திருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள், மாட்டியிருப்பார்.

பெங் மெலியாவை ஏன் நிறுத்தவில்லை என்றால், நிறுத்துவது அவ்வளவு லேசில்லை. பாந்தே ஸ்ரெய்யும் ஒரு காலத்தில் சரிந்து கிடந்ததுதான். 1931 முதல் 1936 வரை பிரெஞ்சுக்காரர்கள் கல் கல்லாகப் பொருத்தி எழுப்பினார்கள். அது சின்னக் கோயில். அங்கோர் தோமில் இருக்கிற பாபுவோனின் கதையைக் கேளுங்கள். 1960-களில் அதைப் பிரித்து, சுமார் மூன்று லட்சம் கற்களை எந்தக் கல் எங்கே என்று குறித்து அடுக்கிவைத்தார்கள். உள்நாட்டுப் போர் வந்தது. கெமர் ரூஜ் காலத்தில் குறிப்பேடுகள் அழிந்தன. 1995-இல் மறுபடி தொடங்கியபோது கற்கள் இருந்தன, எந்தக் கல் எங்கே என்ற விவரம் இல்லை. முடிய 2011 ஆனது. பெங் மெலியா அதைவிடப் பரந்த வளாகம், கல்வெட்டும் கிடைக்கவில்லை. அமைப்பை வைத்துத்தான் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். நான் போனபோது வாசல் பக்கம் கண்ணிவெடி அகற்றிவிட்டதைச் சொல்லும் பலகை நின்றது. அங்கே முதலில் செய்ய வேண்டியிருந்த சீரமைப்பு அதுதான்.

தவிர, எனக்கு அது அப்படிக் கிடப்பதே பிடிக்கும். மரப்பாலத்தின் மேல் நடக்கும்போது கூரை விளிம்பு உங்கள் இடுப்பளவில் இருக்கும், வழக்கமாக அண்ணாந்து பார்க்கிற சிற்பத்தைக் குனிந்து பார்ப்பீர்கள். அங்கோரின் கோயில்களுக்கு மணற்கல் வெட்டிய குலேன் மலையடிவாரக் குழிகளும் பக்கத்தில்தான், அங்கிருந்து வாய்க்கால் வழியாகக் கற்களைக் கொண்டுபோனார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

அடுத்த முறை போனால் நான்காக அடைக்காமல் இரண்டோடு நிறுத்துங்கள். காலை எட்டு மணிக்குள் பிரியா டாக் போய் நும் பன் சொக் சாப்பிடுங்கள். நம் இடியாப்பம் மாதிரி மாவைப் பிழிவார்கள், ஆனால் கொதிக்கிற தண்ணீருக்குள். மேலே எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் போட்ட மீன் குழம்பு, நறுக்கிய வாழைப்பூ. மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

சர்க்கரை கெடவில்லை. கருப்பட்டி ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் கருப்பட்டியும் மழைக்காலத்தில் கசியும். ஓலையைப் பிரித்துவிட்டு, இறுக மூடுகிற கண்ணாடி ஜாடியில் போட்டுவையுங்கள். எறும்பு வந்தால் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் ஜாடியை வைக்க வேண்டியதுதான். சுக்குக் காப்பிக்கு அரைக் கட்டு போதும், நம்முடையதைவிட இனிப்பு கொஞ்சம் தூக்கல்.